டர்பன் சாலையில் ஓடும் பழைய காருக்கு எவ்வளவு கம்ப்ரஷன்?

பழைய டாட்சன் 1200, எஸ்கார்ட், மினி, கார்ட்டினா என்று எதையோ வாங்கி, எஞ்சினைக் கழற்றி கராஜ் தரையில் பரப்பி வைத்திருக்கிறீர்கள். ரீபோர் செய்தாக வேண்டும், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும்; எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டையும் மெஷின் ஷாப்புக்கு அனுப்ப வேண்டும். அப்போது வரும் கேள்விதான் இது: கம்ப்ரஷனை எவ்வளவு வைப்பது? கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். ஒருவர் பத்தரை என்பார், இன்னொருவர் பதினொன்று போட்டுத் தன் மாமா பையன் ஓட்டுகிறான் என்பார். அந்தப் பையன் எந்த ஊரில் ஓட்டுகிறான், எந்தக் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்டிருக்கிறான், என்ன பெட்ரோல் ஊற்றுகிறான் என்று யாரும் கேட்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நமக்கோ முதல் கேள்வியே ஊர்தான்.

ரேஸ் கார் கட்டுபவர்களுக்கு இது எழுதப்படவில்லை. வாரக் கடைசியில் சாட்ஸ்வர்த்திலிருந்து கடற்கரை வரைக்கும், விசேஷ நாளில் கோயிலுக்கும், எப்போதாவது ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) வரைக்கும் போய்வரும் கார்களுக்கு மட்டும்.

முதலில் கொஞ்சம் அடிப்படை

பிஸ்டன் கீழே இருக்கும்போது சிலிண்டருக்குள் இருக்கும் மொத்த இடத்தை, பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சமிருக்கும் இடத்தால் வகுத்தால் வருவதுதான் கம்ப்ரஷன் ரேஷியோ. 9 என்றால், ஒன்பது பங்கு இடத்திலிருந்த காற்றும் பெட்ரோலும் ஒரு பங்குக்குள் அமுக்கப்படுகிறது. அதிகம் அமுக்கினால் அதே பெட்ரோலிலிருந்து அதிக வேலை கிடைக்கும், உண்மைதான். ஆனால் எவ்வளவு அதிகம் என்று பாருங்கள். பாடப்புத்தகக் கணக்கில் 9-இலிருந்து 10-க்குப் போனால் கிடைப்பது சுமார் 3 சதவீதம். 9-இலிருந்து 9.5 என்றால் ஒன்றரை சதவீதம். 70 குதிரைத்திறன் கொடுக்கும் எஞ்சினில் அது ஒரே ஒரு குதிரை! அந்த ஒரு குதிரைக்காகப் பிஸ்டனைப் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பணயம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அளவு மீறும்போது பெட்ரோல் கலவை ஸ்பார்க் பிளக்கிலிருந்து ஒழுங்காக எரிந்து பரவுவதற்கு முன்பே, மூலையில் மிச்சமிருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடிக்கிறது. மேட்டில் மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது உலோகச் சலசலப்பு ஒன்று கேட்குமே, இங்கே பிங்கிங் என்பார்கள், நாக்கிங் என்றாலும் அதுதான். லேசாக எப்போதாவது கேட்டால் பரவாயில்லை. தொடர்ந்து நடந்தால் பிஸ்டன் ரிங்குகளுக்கு நடுவிலுள்ள மேடு உடையும், கேஸ்கெட் போகும், கடைசியில் பிஸ்டன் தலையே அரித்துப் போகும். பழைய கார்களில் நாக் சென்சார் கிடையாது, நீங்கள் கேட்டுப் புரிந்துகொண்டால்தான் உண்டு. பெரிய சத்தமுள்ள சைலன்சர் மாட்டியிருந்தால் அதுவும் கேட்காது.

எந்த ஊருக்காகக் கட்டுகிறீர்கள்?

டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேல். கடற்கரையில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல், அங்கே 83 அளவுக்குத்தான் இருக்கும். அதாவது ஒவ்வொரு தடவையும் சிலிண்டருக்குள் போகும் காற்று கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைவாகப் போனால் அமுக்கிய பிறகு வரும் அழுத்தமும் குறைவு, நாக்கிங்கும் எளிதில் வராது. ஜோபர்க் பக்கம் 93 ஆக்டேன் (நாக்கிங்கைப் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் எண்) ஊற்றி எல்லோரும் நிம்மதியாக ஓட்டுவதற்கு இதுதான் காரணம். அங்கே 10.5 வைத்த எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடும்.

அதே காரை டிசம்பர் விடுமுறைக்கு என்3 சாலையில் 570 கிலோமீட்டர் ஓட்டி வான் ரீனன் கணவாய் வழியாகக் கீழே கொண்டுவாருங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டும்போதே வித்தியாசம் தெரியும், டர்பனுக்கு வந்ததும் கார் பலமாக இழுக்கிறதே என்று சந்தோஷப்படுவீர்கள், அப்புறம் திரும்பிப் போகும் வழியில் பைன்டவுனைத் தாண்டி ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டில் நான்கு பேர், பெட்டிகள், பின்சீட்டில் பாட்டி என்று ஏறும்போது சலசலவென்று ஆரம்பிக்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. கார்புரேட்டருக்கு உயரம் தெரியாது. மேலே காற்று லேசாக இருப்பதால் கடற்கரைக்கு என்று போட்ட ஜெட்டோடு (பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை) அங்கே போனால் கலவை 8 முதல் 10 சதவீதம் வரை ரிச் ஆகிவிடும், பெட்ரோல் அதிகமாகிவிடும். ஆகவே அங்கிருக்கும் மெக்கானிக் சிறிய ஜெட் போட்டு ட்யூன் செய்திருப்பார். அந்தச் சிறிய ஜெட்டோடு கடற்கரைக்கு இறங்கினால் கலவை லீன். அதிகக் காற்று, அதிக அழுத்தம், போதாத பெட்ரோல், மூன்றும் ஒன்றுசேர்ந்தால் எஞ்சின் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் என் கணக்கு எளிது. ஜெட்டைச் சாலையோரத்தில் ஸ்க்ரூடிரைவர் வைத்து மாற்றலாம். டைமிங்கை, அதாவது ஸ்பார்க் வரும் நேரத்தை, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி மாற்றலாம். கம்ப்ரஷனை அப்படி மாற்ற முடியாது, அது பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் பூட்டிக்கிடக்கிறது. மாற்ற முடியாததைக் கடற்கரைக்கு என்று வையுங்கள், மாற்ற முடிந்ததை மேட்டு நிலத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். ஜோபர்க்கிலேயே இருந்து கீழே இறங்கவே மாட்டேன் என்பவர் அரைப் புள்ளி, முக்கால் புள்ளி கூட வைத்துக்கொள்ளலாம். ஆனால் சொந்தக்காரர்கள் எல்லாம் டர்பனில் இருக்கும் நம் ஆட்களில் அப்படி இறங்காமல் இருப்பவர் யார்?

பெட்ரோல்

டர்பனில் 95 ஊற்றுவதுதான் வழக்கம், உள்நாட்டில், அதாவது ஜோபர்க் பக்கம், 93-ம் 95-ம் இரண்டும் உண்டு. பெரும்பாலான பெட்ரோல் பங்குகளில் அதற்குமேல் கிடைக்காது. இங்கே நாமே ஊற்றிக்கொள்ளும் வழக்கம் இல்லை, பங்கில் வேலை செய்பவர்தான் ஊற்றுவார், எனவே உள்நாட்டில் நிறுத்தும்போது வாய் திறந்து 95 என்று சொல்லுங்கள். மலிவு என்று 93 போட்டுக்கொண்டு அந்தத் தொட்டியோடு கடற்கரைக்கு இறங்காதீர்கள்.

வெளிநாட்டுப் புத்தகங்களையும் வீடியோக்களையும் பார்த்துக் கம்ப்ரஷனை முடிவு செய்பவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். அமெரிக்காவில் பங்கில் எழுதியிருக்கும் ஆக்டேன் எண் வேறு முறையில் கணக்கிட்டது, நம் எண்ணைவிட நான்கு ஐந்து குறைவாக இருக்கும். அவர்களுடைய 91 ஏறக்குறைய நம்முடைய 95. எண் பெரிதாக இருக்கிறது என்பதால் நம்முடையது உயர்ந்தது என்று நினைக்காதீர்கள். இன்னொரு பக்கம், பழைய பிரிட்டிஷ் ட்யூனிங் புத்தகங்களில் ஃபோர்ட் கென்ட் எஞ்சினுக்கோ மினிக்கோ 10.5, 11 என்று தைரியமாக எழுதியிருப்பார்கள். அவர்கள் காலத்தில் அங்கே நான்கு நட்சத்திரப் பெட்ரோல் 97 ஆக்டேன், ஐந்து நட்சத்திரம் 100. அந்தப் பெட்ரோல் நம்மிடம் இல்லை. அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஈயம் கலந்த பெட்ரோல் 2006 தொடக்கத்தோடு இந்த நாட்டில் நின்றுவிட்டது. இரும்பு ஹெட் உள்ள பழைய எஞ்சின்களில், மினி மாதிரி, எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் ஈயம் இல்லாமல் தேய்ந்துபோகும். ஹெட் எப்படியும் மெஷின் ஷாப்பில் இருக்கிறது, கையோடு கடினமான வால்வு சீட் போட்டுவிடச் சொல்லுங்கள்.

ஆக்டேன் பூஸ்டர் பாட்டிலை நம்பி எஞ்சின் கட்டாதீர்கள். ஒவ்வொரு தடவையும் டேங்க் நிரப்பும்போது பாட்டில் வாங்குகிற கார் இரண்டாவது மாதமே மூடுதுணிக்குள் போய்விடும்.

இருப்பதை அளந்து பாருங்கள்

இதுதான் முக்கியமான வேலை, இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். எஞ்சினின் பழைய விவரப் புத்தகத்தில் 9 என்று போட்டிருக்கிறது என்பதால் உங்களிடம் இருப்பதும் 9 என்று அர்த்தமில்லை. ஐம்பது வருடத்தில் எத்தனை பேர் அந்த ஹெட்டை ஸ்கிம் செய்தார்களோ (அடிப்பரப்பைச் சீவினார்களோ), எந்தப் பிஸ்டனைப் போட்டார்களோ, யாருக்குத் தெரியும்?

பிஸ்டன் மேலே நிற்கும்போது மிச்சமிருக்கும் இடம் நான்கு பங்காக இருக்கிறது: ஹெட்டிலுள்ள குழி, கேஸ்கெட்டின் தடிமனால் வரும் இடம், பிஸ்டன் பிளாக்கின் மேல்மட்டத்துக்கு எவ்வளவு கீழே நிற்கிறதோ அந்த இடம், பிஸ்டன் தலையில் பள்ளம் இருந்தால் அது. மேடாக இருந்தால் கழிக்க வேண்டும்.

ஹெட்டைக் குப்புற வைத்து மட்டமாக நிறுத்துங்கள். வால்வுகளையும் ஸ்பார்க் பிளக்கையும் மாட்டியிருக்க வேண்டும், வால்வு சீட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவிக்கொண்டால் ஒழுகாது. குழியைச் சுற்றிலும் கிரீஸ் தடவி, சின்ன ஓட்டை போட்ட பெர்ஸ்பெக்ஸ் துண்டை மேலே ஒட்டுங்கள். மருந்துக் கடையில் விற்கும் பெரிய சிரிஞ்சில் மண்ணெண்ணெய் எடுத்து அந்த ஓட்டை வழியாக, காற்றுக் குமிழி இல்லாமல் நிரம்பும்வரை விடுங்கள். எத்தனை சிசி போனதோ அதுதான் குழியின் அளவு. நான்கு சிலிண்டர்களின் குழிகளையும் தனித்தனியாக அளக்க வேண்டும். அரை சிசிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சின்னதை லேசாகத் தேய்த்து மற்றவற்றோடு சமமாக்கச் சொல்லுங்கள். இதெல்லாம் ரேஸ்காரர்கள் வேலை என்று விட்டுவிட வேண்டாம், நான்கு சிலிண்டரில் ஒன்று மட்டும் அதிகம் அமுக்கினால் முதலில் அதுதான் பிங்க் ஆகும்.

பிஸ்டனுக்கும் இதே வித்தை. பிஸ்டனைப் பிளாக் மட்டத்திலிருந்து சரியாக 10 மி.மீ. கீழே இறக்கி, ஓரத்தைக் கிரீஸால் அடைத்து, பெர்ஸ்பெக்ஸ் வைத்து நிரப்புங்கள். வெறும் தட்டையான பிஸ்டன் என்றால் எவ்வளவு பிடிக்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம், அதற்கு மேல் போனது பள்ளத்தின் அளவு. கேஸ்கெட்டின் தடிமனை அமுங்கிய பிறகுள்ள தடிமனாக எடுக்க வேண்டும். பழைய கேஸ்கெட் கையில் இருந்தால் அதை அளந்தாலே போதும், அதே வகைதான் திரும்பப் போடுகிறீர்கள் என்றால்.

இப்போது ஒரு கணக்கு. நிஸான் 1400 பக்கியின் (பின்னால் சரக்குத் தட்டு உள்ள சின்ன வண்டி) ஏ14 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ராஸ்லினில் 2008 வரைக்கும் செய்த வண்டி, டாட்சன் 1200-க்குள் இந்த எஞ்சினை இறக்குவது இங்கே சாதாரணம். போர் (சிலிண்டரின் விட்டம்) 76 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 77 மி.மீ. ஒரு சிலிண்டருக்கு 349.3 சிசி. ஹெட் குழி 33 சிசி என்று அளந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கேஸ்கெட் ஓட்டை 78 மி.மீ., தடிமன் 1.2 மி.மீ., ஆக 5.7 சிசி. பிஸ்டன் 0.4 மி.மீ. கீழே நிற்கிறது, 1.8 சிசி. பிஸ்டன் பள்ளம் 3 சிசி. எல்லாம் சேர்த்து 43.5. இனி 349.3-ஐ 43.5-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 9.0.

இதே எஞ்சினில் 9.5 வேண்டுமென்றால் மிச்ச இடம் 41.1 சிசி ஆக வேண்டும். 10 வேண்டுமென்றால் 38.8. பார்த்தீர்களா, அரைப் புள்ளி என்பது இரண்டரை சிசிதான், அரை டீஸ்பூன். 'அண்ணா, கொஞ்சம் ஸ்கிம் பண்ணிடுங்க' என்று மெஷின் ஷாப்பில் ஹெட்டை வைத்துவிட்டு வந்தால் அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதை அவருடைய மெஷின்தான் முடிவு செய்யும். குழியின் வாய்ப்பரப்பு 38 சதுர செ.மீ. என்றால் அரை மி.மீ. எடுத்தாலே 1.9 சிசி குறைந்து 9.4 ஆகிவிடும். ஆகவே எத்தனை மி.மீ. என்று எழுதிக் கொடுங்கள், முடித்த பிறகு திரும்ப அளந்து பாருங்கள்.

ரீபோர் செய்வதும் கம்ப்ரஷனைக் கூட்டும் என்பது பலருக்கும் நினைவில் இருப்பதில்லை. அதே எஞ்சினை 1 மி.மீ. ஓவர்சைஸ் போட்டு 77 ஆக்கினால், வேறெதையும் தொடாமலே 9.2 வந்துவிடும்.

ஒரு விதிவிலக்கு. எஸ்கார்ட்டிலும் கார்ட்டினாவிலும் வந்த கென்ட் கிராஸ்ஃப்ளோ 1600, அப்புறம் பெரிய கார்ட்டினாக்களில் வந்த 3 லிட்டர் எஸெக்ஸ் வி6, இவற்றில் ஹெட் தட்டை, குழி இருப்பது பிஸ்டன் தலையில். அதில் ஹெட்டை ஸ்கிம் செய்து கம்ப்ரஷன் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். பிஸ்டனை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிளாக்கின் மேல்மட்டத்தைச் சீவ வேண்டும். நல்ல பிஸ்டன் கிடைக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, அதற்கேற்பக் கம்ப்ரஷனை முடிவு செய்வது இந்த எஞ்சின்களில் புத்திசாலித்தனம்.

கேம்ஷாஃப்ட்டை முடிவு செய்யாமல் எண்ணை முடிவு செய்யாதீர்கள்

இதுவரை போட்ட கணக்கு பிஸ்டன் அடியிலிருந்து மேலே வரும் முழுத் தூரத்துக்கானது. உண்மையில் பிஸ்டன் மேலே ஏற ஆரம்பித்த பிறகும் இன்லெட் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். அது மூடிய பிறகுதான் அமுக்கலே ஆரம்பம். சாதாரண கேம் ஒன்று பிஸ்டன் அடிமட்டத்தைத் தாண்டி 50 டிகிரியில் இன்லெட்டை மூடும், சூடான கேம் என்றால் 70 டிகிரி.

நம் ஏ14-இல், கனெக்டிங் ராடு 133 மி.மீ. என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 50 டிகிரியில் பிஸ்டன் ஏற வேண்டியது இன்னும் 66.6 மி.மீ. இருக்கிறது. உண்மையாக அமுக்கப்படும் ரேஷியோ 7.9. அதே 9.0 எஞ்சினில் 70 டிகிரி கேம் போட்டால் மிஞ்சுவது 56.7 மி.மீ., ரேஷியோ 6.9-க்கு இறங்கிவிடும். ரோபோ சிக்னலில் நின்று கிளம்பும்போது கார் இழுக்கவே இழுக்காது. பழைய நிலைக்குக் கொண்டுவர 10.4 வைக்க வேண்டும்.

மாமா பையனின் பதினொன்றுக்கு இதுதான் விளக்கம். பெரிய கேம் போட்டிருப்பான். அந்த எண்ணை மட்டும் காப்பியடித்து உங்கள் சாதாரண கேமோடு சேர்த்தால் முதல் மேட்டிலேயே பிங்க் ஆகும். தலைகீழாகச் செய்பவர்களும் உண்டு, பெரிய கேம் வாங்கிப் போட்டுவிட்டுக் கம்ப்ரஷனைத் தொடாமல், கார் ஏன் முன்னைவிட மந்தமாக இருக்கிறது என்று கார்புரேட்டரைப் பழிப்பார்கள்.

சாலையில் ஓடும் காருக்கு, 95 பெட்ரோலில், இந்த உண்மை ரேஷியோ எட்டை ஒட்டியே இருக்கட்டும், அதை அதிகம் தாண்ட வேண்டாம். கேம் தயாரிப்பாளர் கொடுக்கும் மூடும் கோணம் வால்வு முழுதாக உட்காரும் இடத்துக்கா, 1 மி.மீ. தூக்கியிருக்கும் இடத்துக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம், கணக்கே மாறிவிடும்.

சரி, எண்ணைச் சொல்லு என்கிறீர்களா

கடற்கரை, 95 பெட்ரோல், சாதாரண கேம், இரும்பு ஹெட்: 9.0. அலுமினிய ஹெட் சூட்டை வேகமாக வெளியேற்றும் என்பதால் 9.5 வரை. கொஞ்சம் பெரிய கேம், நல்ல ரேடியேட்டர், கவனமாகச் செய்த டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் இருந்தால் அலுமினிய ஹெட்டில் 10. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் நீங்கள் இந்தக் கட்டுரையைப் படிக்கும் நிலையைத் தாண்டியவர். டர்போ போடும் எண்ணம் இருந்தால் இதெல்லாம் பொருந்தாது, 8-ஐ ஒட்டி ஆரம்பியுங்கள், அது தனிக்கதை.

மூச்சுவிட இடம் வைத்துத்தான் இந்த எண்களைச் சொல்கிறேன். ஈஸ்டர் வாரம் உள்நாட்டுக் கூட்டம் முழுக்கக் கீழே இறங்கியிருக்கும், பெரிய வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் கார்கள் அங்குலம் அங்குலமாக நகரும், பானெட்டுக்கு அடியில் எல்லாம் கொதிக்கும். அன்று உங்கள் எஞ்சின் இழுக்கும் காற்று வெளியில் வீசும் காற்றல்ல, ரேடியேட்டரிலிருந்து வரும் அனல். நல்ல குளிர்ந்த காலை நேரத்தில் சத்தமில்லாமல் ஓடியது என்பதற்காக எண்ணை ஏற்றிவைத்தால் இப்படிப்பட்ட நாளில்தான் பதில் வரும்.

ஹெட்டும் பிஸ்டனும் எவ்வளவு நெருங்கலாம்

ஹெட்டின் தட்டையான பகுதியும் பிஸ்டனின் தட்டையான ஓரமும் மேலே வரும்போது ஏறக்குறைய தொட்டுக்கொள்ளும் அளவுக்கு நெருங்கும் எஞ்சின்களில், நடுவிலிருக்கும் கலவை வேகமாகப் பிதுங்கி ஸ்பார்க் பக்கம் போகும். கலவை நன்றாகக் கலங்கும், வேகமாக எரியும், மூலையில் தானாக வெடிக்க எதுவும் மிஞ்சாது. சாலை எஞ்சினுக்கு இந்த இடைவெளி 1 மி.மீ. அளவில் இருந்தால் நல்லது. கேஸ்கெட் தடிமனையும் பிஸ்டன் கீழே நிற்கும் தூரத்தையும் கூட்டினால் இது வந்துவிடும். மேலே நாம் போட்ட கணக்கில் 1.2-ம் 0.4-ம் சேர்ந்து 1.6, கொஞ்சம் அதிகம்தான்.

கம்ப்ரஷன் கூடிவிட்டது என்று தடிமனான கேஸ்கெட் போட்டுக் குறைப்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ரேஷியோ குறையும், ஆனால் இடைவெளி 2 மி.மீ.-க்கு மேல் போய், நாக்கிங் குறையாமல் அப்படியே நிற்கும், சில சமயம் கூடவும் செய்யும். குறைக்க வேண்டுமென்றால் பிஸ்டன் தலையில் பள்ளம் எடுப்பதோ ஹெட் குழியைத் தேய்த்துப் பெரிதாக்குவதோதான் நல்ல வழி.

ஹெட்டை ஸ்கிம் செய்யும்போது வேறு சிலவும் இடம் மாறும். ஏ14 மாதிரி புஷ்ராடு எஞ்சினில் ராக்கரின் கோணம் மாறும். டாட்சன் எல்16 மாதிரி கேம் மேலே உள்ள எஞ்சினில் செயின் தளர்ந்து கேம் டைமிங் பின்தங்கும், கேம் டவருக்கு அடியில் ஷிம் வைக்க வேண்டி வரும். பெரிய கேம் என்றால் வால்வு பிஸ்டனில் இடிக்காமல் இருக்கிறதா என்று பிஸ்டன் மேல் பிளாஸ்டிசின் வைத்து எஞ்சினைக் கையால் சுற்றிப் பாருங்கள். அமுங்கிய களிமண்ணை வெட்டி அளந்தால் இன்லெட் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. இருக்க வேண்டும்.

பூட்டிய பிறகு

கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்ப்பீர்கள், பார்க்கவும் வேண்டும். ஆனால் அது ரேஷியோவைக் காட்டாது, அழுத்தத்தைக் காட்டும், அந்த அழுத்தத்தில் கேமும் ஊரும் கலந்திருக்கிறது. டர்பனில் 12 பார் காட்டும் எஞ்சின் ஜோபர்க்கில் 10 பாரை ஒட்டித்தான் காட்டும். அங்கே போய்ப் பழைய எஞ்சின் வாங்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொண்டால் நல்ல எஞ்சினைத் தேய்ந்தது என்று விட்டுவிட மாட்டீர்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

டைமிங்கை ஸ்ட்ரோப் லைட் வைத்து, ஐடிலில் மட்டுமல்லாமல் 3,500 சுற்றிலும் பாருங்கள். வேக்குவம் குழாயைக் கழற்றிவிட்டு மொத்த அட்வான்ஸ் (பிஸ்டன் மேலே வருவதற்கு எத்தனை டிகிரி முன்பே ஸ்பார்க் வருகிறது என்பது) 32 முதல் 34 டிகிரிக்குள் ஆரம்பியுங்கள், அதற்குள்ளும் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். டிஸ்ட்ரிபியூட்டர் ஸ்பிரிங் ஐம்பது வருடம் பழையது என்றால் அட்வான்ஸ் தேவைக்கு முன்பே ஓடிவந்து நிற்கும், கம்ப்ரஷன் அதிகம் என்று நினைத்துப் பயந்தவர்களில் பாதிப் பேருக்கு உண்மைக் காரணம் அந்த இரண்டு சின்ன ஸ்பிரிங்தான்.

ரன்னிங் இன் (புதிதாகக் கட்டிய எஞ்சினை மெதுவாக ஓட்டிப் பழக்குவது) முடிந்ததும் ஒரு சூடான மத்தியானம் மேட்டுக்குக் கொண்டுபோங்கள். ஃபீல்ட்ஸ் ஹில் போதும். கண்ணாடியை இறக்கிவிட்டு, மூன்றாவது கியரில் 2,500 சுற்றில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்திக் கேளுங்கள். சத்தம் வந்தால் உடனே காலை எடுத்துவிட்டு, டைமிங்கை இரண்டு டிகிரி பின்னால் தள்ளித் திரும்பப் பாருங்கள். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மிளகுப்பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகளோ பளபளக்கும் துளிகளோ இருந்தால் காதுக்குக் கேட்காமலே நாக்கிங் நடக்கிறது. அந்தப் பளபளப்பு உங்கள் பிஸ்டனின் அலுமினியம்.

எவ்வளவோ கவனமாகச் செய்தும் எண் கூடிவிட்டது என்றால் எஞ்சினைத் திரும்பப் பிரிப்பதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் ஜெட், ஒரு அளவு பெரிதாக. அப்புறம் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும், 82 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டும் சூடு ஏறிக்கொண்டே போகிறதென்றால் பிரச்சினை அங்கே. வால்வு கைடு வழியாக எண்ணெய் கசிந்து எரிகிறதா என்று பாருங்கள், எண்ணெய் கலந்தால் பெட்ரோலின் ஆக்டேன் விழும், கரி படிந்து குழியும் சின்னதாகும். ஒரு படி குளிர்ந்த ஸ்பார்க் பிளக் போட்டுப் பாருங்கள். இவ்வளவும் செய்து, டைமிங்கை 28 டிகிரிக்குக் கீழே தள்ளினால்தான் சத்தம் நிற்கிறது என்றால், கம்ப்ரஷனால் வந்த லாபம் முழுக்க அந்த டைமிங்கிலேயே போய்விட்டது. அப்போது ஹெட்டைக் கழற்றி, குழி ஒவ்வொன்றிலும் எத்தனை சிசி கூட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டு, அந்தச் சீட்டோடு மெஷின் ஷாப்புக்குப் போங்கள்.